ஒல்லியான உடம்ப ஆரோக்கியமா தேத்துறது எப்படி: கொடைக்கானல் பக்கத்து பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

என்ன தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குதுன்னு சொல்ற பசங்களும் பொண்ணுங்களும் எங்க நாயுடுபுரத்துல தெருவுக்கு நாலு பேராவது இருப்பாங்க, பூம்பாறை மன்னவனூர் பக்கம் போனா இன்னும் ஜாஸ்தி. கல்யாண வீட்டுக்கு போனா "என்னடா வீட்டுல சோறு போடுறாங்களா இல்லையா"ன்னு ஒரு பெரியப்பா கேப்பாரு, "காத்தடிச்சா பறந்துருவ போல"ன்னு ஒரு அத்தை சொல்லும். குண்டா இருக்கவங்கள மூஞ்சிக்கு நேரா சொல்ல யோசிக்கிற அதே ஆளுங்க ஒல்லியா இருக்கவங்கள சொல்றதுக்கு ஒரு நிமிஷம் கூட யோசிக்கிறது இல்ல, அதக் கேட்டு கேட்டு வெயில் அடிக்கிற நாள்ல கூட ஜெர்கின கழட்டாம திரியிற பசங்கள எனக்கு தெரியும். அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், 18ல இருந்து 28 வயசுக்குள்ள, பெருசா வியாதி எதுவும் இல்லாம, பிறந்ததுல இருந்தே ஒல்லியான உடல்வாகு உள்ளவங்களுக்கு.

பவுடர், மாத்திரை, ஒரே வேளையில மூச்சு முட்ட திங்கறது, இது மூணும் இந்த வழியில கிடையாது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உள்ள போற மொத்தக் கணக்க கொஞ்சம் கூட்டணும், கூட்டுனத ஒரு நாள் கூட விடாம பிடிக்கணும், கூடவே எடை தூக்கணும். அவ்வளவுதான், ஆனா இதுல ஒவ்வொன்னுலயும் எங்க வழுக்கும்னு தெரிஞ்சு செய்யணும், அதனாலதான் இவ்வளவு நீளம்.

1. உண்மையிலயே எடை கம்மிதானான்னு பாருங்க

உங்க எடைய கிலோவுல எடுத்து, மீட்டர்ல இருக்க உயரத்தால ரெண்டு தடவ வகுத்துருங்க. வர்ற நம்பர்தான் பிஎம்ஐ. 18.5க்கு கீழ இருந்தா எடை குறைவு. நம்ம ஊர் உடம்புக்கு 23ஐ தாண்டுனாலே அதிக எடைன்னு கணக்கு, அதனால 18.5க்கும் 22.9க்கும் நடுவுல எங்க இருந்தாலும் நல்லது. 165 சென்டிமீட்டர் உயரம்னா சுமாரா 50.5 கிலோவுல இருந்து 62 கிலோ வரைக்கும், 170ன்னா 53.5ல இருந்து 66 வரைக்கும்.

இத கண்டிப்பா போட்டு பாக்க சொல்றதுக்கு காரணம் இருக்கு, 20 பிஎம்ஐ இருக்க பையன் கூட ஜிம் வீடியோ பாத்துட்டு தன்ன எலும்பும் தோலும்னு நெனச்சுட்டு இருப்பான், அவனுக்கு எடை ஏத்த வேண்டிய அவசியம் இல்ல, தசை ஏத்துனா போதும், நேரா ஏழாவதுக்கு போயிரலாம்.

2. ஒரே ஒரு தடவ டாக்டர பாத்துருங்க

சின்ன வயசுல இருந்தே ஒல்லி, அப்பாவோ தாத்தாவோ இந்த வயசுல இப்படித்தான் இருந்தாங்கன்னா பெரும்பாலும் அது உடல்வாகுதான். ஆனா முன்னாடி நல்லா இருந்து, எதுவும் முயற்சி பண்ணாம ஆறு மாசம் ஒரு வருசத்துல உடம்பு எடையில 5 சதவீதத்துக்கு மேல இறங்கியிருந்தா, அதாவது 50 கிலோ ஆளு ரெண்டரை கிலோ இறங்கியிருந்தா, சாப்பாட்ட கூட்டி சரி பண்ணலாம்னு உக்காந்துறாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்வைன்னா டிபி டெஸ்ட், அரசு ஆஸ்பத்திரியில டெஸ்ட்டும் இலவசம், மருந்தும் இலவசம். அடிக்கடி தாகம், அடிக்கடி ஒன்னுக்கு போறது, கூடவே எடை இறங்குதுன்னா சுகர் பாக்கணும், இந்த வயசுல வராதுன்னு நெனைக்காதீங்க, இன்சுலின் தேவைப்படுற வகை சின்ன வயசுலதான் நெறைய பேருக்கு வருது. குளிர்ற ஊர்ல உங்களுக்கு மட்டும் வேர்க்குது, நெஞ்சு படபடங்குது, கை நடுங்குதுன்னா தைராய்டு. சாப்பிட்டா பேதியாகுது, வயிறு எப்பவும் உப்பியே இருக்குன்னா அதையும் சொல்லுங்க. ரத்தத்துல ஹீமோகுளோபின் பாத்துருங்க, ஆம்பளைக்கு 13, பொம்பளைக்கு 12க்கு கீழ இருந்தா ரத்த சோகை, அது இருந்தா பசியே சரியா எடுக்காது. தோட்டத்துல வெறுங்கால்ல வேலை செய்றவங்க குடல் புழுவுக்கும் கேட்டுக்கங்க, ஒரு மாத்திரையில முடியிற விஷயம்.

இன்னொன்னு, சாப்பிடவே பயமா இருக்கு, சாப்பிட்டுட்டு போய் வாந்தி எடுக்கணும்னு தோணுது, இல்ல மனசு சரியில்லாம பல மாசமா சோறே இறங்கலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. அதுல வெக்கப்பட எதுவுமே இல்ல.

3. ஏன் ஒட்ட மாட்டேங்குது

1999ல அமெரிக்காவுல மாயோ கிளினிக்ல ஜேம்ஸ் லெவைனும் அவர் கூட இருந்தவங்களும் 16 பேர கூப்பிட்டு, எட்டு வாரம் தினமும் தேவைக்கு மேல 1000 கலோரி சாப்பிட வச்சாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல் சாப்பாடு, ஆனா ஒருத்தருக்கு ஏறுன கொழுப்பு வெறும் 0.36 கிலோ, இன்னொருத்தருக்கு 4.23 கிலோ. ஏன்னு பாத்தா, ஏறாதவங்க அவங்களுக்கே தெரியாம நாள் முழுக்க ஜாஸ்தி அசைஞ்சிருக்காங்க, கால ஆட்டுறது, எந்திரிச்சு நடக்குறது, நின்னுட்டே பேசுறதுன்னு. அதனால நீங்க சொல்றது பொய் இல்ல, சில உடம்பு கூட வர்ற சாப்பாட்ட எரிச்சுரும். ஆனா அந்த ஆராய்ச்சியிலயும் ஏறவே இல்லன்னு ஒருத்தரும் இல்ல, கம்மியா ஏறுச்சு, அவ்வளவுதான். உங்களுக்கு மத்தவங்கள விட ஜாஸ்தி தேவைப்படும், மெதுவா ஏறும், அத ஏத்துக்கிட்டு ஆரம்பிங்க.

இதுல நம்ம மலை வேற. மூஞ்சிக்கல்லுல இருந்து வீட்டுக்கு ஏறி எறங்கி, பஸ்ஸுக்கு ஏறி எறங்கி, சமவெளியில இருக்கவன் நடக்காத ஏத்தம் எல்லாம் நாம நடக்குறோம், பீன்ஸ் மூட்டையும் கேரட் மூட்டையும் முதுகுல வச்சு ரோட்டுக்கு கொண்டு வர்ற பசங்க எரிக்கிறது இன்னும் எக்கச்சக்கம்.

4. மூணு நாள் எழுதுங்க

இந்த ஒரு வேலைய செய்யாம அடுத்ததுக்கு போகாதீங்க. மூணு நாள், அதுல ஒன்னு ஞாயித்துக்கிழமையா இருக்கட்டும், வாய்க்குள்ள போற ஒவ்வொன்னையும் போன்லயே எழுதுங்க, எத்தன கரண்டி, எத்தன டம்ளர், எத்தன தோசைன்னு.

எங்க சித்தி பையன் டாக்சி ஓட்டுறான், 23 வயசு, 165 உயரம், 48 கிலோ இருந்தான், பிஎம்ஐ 17.6. வீட்டுல எல்லாரும் "அவன் மத்தியானம் சாப்பிடறத பாக்கணும், தட்டு தெரியாது"ம்பாங்க, அது உண்மைதான், ஆனா எழுத வச்சு பாத்தப்பதான் மத்தத தெரிஞ்சுச்சு. காலையில ஆறரைக்கு ஒரு கடுங்காப்பி, அது சீனி மட்டும்தான், ஒரு 40 கலோரி. டூரிஸ்ட்ட ஏத்திட்டு பில்லர் ராக், குணா குகைன்னு சுத்திட்டு பத்து மணிக்கு டீயும் ஒரு பன்னும். மத்தியானம் ரெண்டரைக்கு வீட்டுல மலையா சோறு, அதுக்கு மேல ரசம், சௌசௌ கூட்டு, முட்டைக்கோஸ் பொரியல், எல்லாம் சேத்தா 850 கிட்ட. சாயங்காலம் ரெண்டு டீ, ராத்திரி மூணு தோசை சட்னி. மொத்தமா கூட்டுனா 1900ஐ தாண்டல. அவன் உடம்பு எடை மாறாம அப்படியே நிக்க அவ்வளவுதான் தேவை, அதனால நின்னுச்சு. சௌசௌ 100 கிராம்ல 20 கலோரி கூட இல்ல, முட்டைக்கோஸ் 25, வயிறு ரொம்புது, கணக்கு ஏறல. புரோட்டீன்னு பாத்தா அன்னைக்கு முழுக்க 45 கிராம் வந்தா பெருசு.

உங்க நோட்டுலயும் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: ஒரு வேளை பெருசு, காலைச் சாப்பாடு காணோம், நடுவுல முழுக்க டீ.

5. எவ்வளவு கூட்டணும்

இப்ப சாப்பிடறதுக்கு மேல தினமும் 300ல இருந்து 500 கலோரி. அதுக்கு வாரத்துக்கு கால் கிலோவுல இருந்து அரை கிலோ வரைக்கும் ஏறுனா நல்ல வேகம். மாசம் அஞ்சு கிலோ ஏத்தலாம்னு யாராவது சொன்னா ஏறுறது தண்ணியும் தொப்பையும்தான். புரோட்டீன் உங்க எடை கிலோவுக்கு 1.2ல இருந்து 1.6 கிராம், 50 கிலோ ஆளுக்கு 60ல இருந்து 80 கிராம்.

ஒரே நாள்ல 500 கூட்டாதீங்க, வயிறு தாங்காது, ரெண்டாவது நாளே வெறுத்துப் போயிரும். முதல் வாரம் காலைச் சாப்பாட மட்டும் சரி பண்ணுங்க, எட்டரைக்குள்ள ஏதாவது முழுசா சாப்பிட்டுருக்கணும், அவ்வளவுதான். அடுத்த வாரம் பதினோரு மணிக்கும் சாயங்காலமும் ஒவ்வொன்னு சேருங்க. மூணாவது வாரம் ராத்திரி பால். வயிறு மெல்ல மெல்ல பழகிக்கும்.

6. எத சாப்பிடறது

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு"ன்னு நம்ம ஆளுங்க சொன்னது சும்மா இல்ல. எள்ளுல கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், கையளவு எள்ளுருண்டையில இருக்க கலோரி ஒரு பெரிய தட்டு காய்கறியில கிடையாது. இதுல இருந்து ஒரே ஒரு விஷயத்த பிடிச்சுக்கங்க: சாப்பாட்டோட அளவ பெருசாக்காதீங்க, அதே அளவுக்குள்ள சத்த நெறைங்க.

எப்படின்னா, காலையில அதே நாலு இட்லிதான், ஆனா பொடிக்கு மேல ரெண்டு மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் ஊத்தி தொட்டு சாப்பிட்டா 240 கலோரி கூடிருச்சு, வயித்துக்கு கூடுதலா ஒரு பாரமும் இல்ல. பொடியிலயே எள்ளும் உளுந்தும் நெறைய போட்டு வீட்டுல அரைச்சு வச்சுக்கங்க. மத்தியானச் சோத்துக்கு ரசத்த கடைசிக்கு தள்ளிட்டு முதல்ல கெட்டிப் பருப்பும் ஒரு ஸ்பூன் நெய்யும். பூம்பாறை மலைப்பூண்டுல வக்கிற பூண்டுக் குழம்பு இருக்கே, அது நல்லெண்ணெய் மிதக்க வக்கணும், பூண்டு எடைய ஏத்தாது, ஆனா அந்தக் குழம்பு இருந்தா இன்னொரு கரண்டி சோறு தானா இறங்கும்.

நம்ம மலையிலயே விளையிறத எடுத்துக்கங்க. பட்டர் ஃப்ரூட், தாண்டிக்குடி பெருமாள்மலை பக்கம் காபித் தோட்டத்துக்குள்ள காய்க்குது, தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துல இதுல டிகேடி 1ன்னு ஒரு ரகமே விட்டுருக்காங்க. 100 கிராம்ல 160 கலோரி, பெரும்பாலும் நல்ல கொழுப்பு. வெளியூர்ல ஒரு பழத்துக்கு அவ்வளவு காசு குடுத்து வாங்குறாங்க, இங்க சீசன்ல சில வீட்டுல கேட்டா சும்மாவே குடுப்பாங்க, நம்ம பசங்க அத தொட மாட்டாங்க, சப்புன்னு இருக்கும்னு. நாட்டுச் சக்கரையும் பாலும் சேத்து அடிச்சு குடிங்க, இல்ல உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் எலுமிச்சை போட்டு மசிச்சு சப்பாத்தியில வச்சு சாப்பிடுங்க. அப்புறம் மலைவாழப்பழம், பழனி பஞ்சாமிர்தத்துக்கு போடுற அதே விருப்பாச்சி பழம், சின்னது, ரெண்டு மூணு சாப்பிட்டாலும் வயித்த அடைக்காது. பஞ்சாமிர்தமும் ஒரு ஸ்பூன் சப்பாத்திக்கு தடவி சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல முக்கால்வாசி சக்கரைதான், டப்பாவ கையில வச்சுட்டு உக்காராதீங்க.

உருளைக்கிழங்கு, பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ், பச்ச சோயா பீன்ஸ், இதெல்லாம் ஞாயித்துக்கிழமை சந்தையில மூட்டை மூட்டையா வருது. சௌசௌவையும் கோஸையும் நிறுத்த சொல்லல, வைட்டமினுக்கும் நார்ச்சத்துக்கும் வேணும், ஆனா தட்டுல அதுக்கு முதல் இடம் குடுக்காதீங்க, பக்கத்துல பீன்ஸ் குழம்போ முட்டையோ இருக்கணும்.

இதுல மலைக்காரங்க கவனிக்க வேண்டிய ஒன்னு. நம்ம ஊரு 2100 மீட்டர் உயரம், இங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சுருது, 100க்கு போகாது, அதனால திறந்த பாத்திரத்துல பருப்பும் கொண்டைக்கடலையும் எவ்வளவு நேரம் கொதிச்சாலும் நடுவுல கல்லு மாதிரி நிக்கும். அரை வேக்காட்டுல சாப்பிட்டா வயிறு உப்பி அடுத்த வேளை பசியே எடுக்காது, "எனக்கு பயறு ஒத்துக்கல"ன்னு நெறைய பேர் சொல்றது இதனாலயும்தான். ராத்திரியே ஊற வச்சு, தண்ணிய மாத்தி, குக்கர்ல கீழ ஊர்ல வக்கிறத விட ரெண்டு மூணு விசில் கூட விடுங்க, விரல்ல நசுக்குனா வெண்ணெயா மசியணும்.

தயிரும் அப்படித்தான். டிசம்பர் ஜனவரியில உறை ஊத்தி வச்சா காலையிலயும் பாலாவே இருக்கும். இளஞ்சூடா இருக்கப்பவே உறைய கொஞ்சம் கூட ஊத்தி, பாத்திரத்த கம்பளித் துணியில சுத்தி அடுப்பு பக்கத்துல வச்சுருங்க. பால் குடிச்சா வயிறு கடமுடாங்குறவங்களுக்கு தயிர் பெரும்பாலும் ஒத்துக்கும்.

முட்டை ஒன்னுல 70 கலோரிக்கு மேல, 6 கிராம் புரோட்டீன், தினமும் ரெண்டு மூணு தாராளமா சாப்பிடலாம், மஞ்சக்கருவ எடுத்து போடாதீங்க. ஆரோக்கியமா இருக்க இளவட்டத்துக்கு அது பயப்பட வேண்டிய பொருள் இல்ல, வீட்டுல சின்ன வயசுலயே கொலஸ்ட்ரால் இருக்க குடும்பம்னா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், 170 கலோரி, 7 கிராம் புரோட்டீன். வாரத்துல ரெண்டு மூணு நாள் கோழியோ மீனோ கருவாடோ. சைவம்னா பன்னீர், சோயா உருண்டை, பருப்பு, சுண்டல்.

கூடவே வச்சுக்க வேண்டிய ஒரு பால் சொல்றேன், எனக்கு தெரிஞ்சு ஒல்லிப் பசங்களுக்கு இத விட லேசான வழி கிடையாது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதுதான் 6 சதவீதம் கொழுப்பு உள்ள பால், 250 மில்லி காய்ச்சி இளஞ்சூடா வச்சுக்கங்க, இந்தக் குளிர்ல ஐஸ் போட்டு மில்க் ஷேக் குடிக்க யாருக்கும் மனசு வராது. மிக்சியில ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலைய முதல்ல தனியா ஒரு சுத்து, அப்புறம் மலைவாழப்பழம் ரெண்டு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ரெண்டு, கொஞ்சமா பால் ஊத்தி மையா அரைச்சு, மீதிப் பால ஊத்தி இன்னொரு சுத்து. 500 கலோரி தாண்டிரும், புரோட்டீன் 16 கிராம் கிட்ட. காலையில சாப்பாடு இறங்காத ஆளுங்க இத பாட்டில்ல ஊத்திட்டு போய் பதினோரு மணிக்குள்ள மெல்ல குடிச்சு முடிச்சுருங்க. என் சித்தி பையன் ஸ்டியரிங் பக்கத்துல இந்த பாட்டில் இல்லாம இப்ப வண்டிய எடுக்கறது இல்ல.

டீ காபிய பத்தி: குளிருக்கு நாம நாளைக்கு அஞ்சாறு குடிக்கிறோம். விட சொல்லல. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடியும் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம், பசியையும் அடக்கும், சாப்பாட்டுல இருக்க இரும்புச்சத்தையும் உடம்புக்கு முழுசா போக விடாது, ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க. பீடி சிகரெட்டும் பசிய கொல்லும், அத விட்டாலே சில பேருக்கு ரெண்டு மூணு கிலோ ஏறுது.

பொண்ணுங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. நம்ம வீடுகள்ல எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியில சட்டிய வழிச்சு சாப்பிடறது நீங்க, குழம்புல இருந்த முட்டையும் கறியும் அதுக்குள்ள காலி. எடை ஏறணும்னா உங்க பங்க முதல்லயே தனியா எடுத்து வைங்க, அம்மா திட்டுனா "டாக்டர் சொன்னாரு"ன்னு அக்கா மூலமா சொல்லி விடுங்க, எப்படியாவது எடுத்து வைங்க. எடை குறைஞ்சு மாதவிடாய் தள்ளித் தள்ளி போனாலோ, மூணு மாசமா வரலன்னாலோ, அது எலும்பு வரைக்கும் பாதிக்கிற விஷயம், டாக்டர்கிட்ட போயே ஆகணும்.

7. எடை தூக்குங்க

சாப்பாட்ட மட்டும் கூட்டுனா கை கால் அப்படியே குச்சியா இருக்க, வயிறு மட்டும் முன்னாடி வரும். நம்ம நாட்டு உடம்புக்கு அந்த சுபாவம் ஜாஸ்தி, வெளிய ஒல்லி உள்ள கொழுப்புன்னு ஆகி பின்னாடி சுகர்ல போய் நிக்கும். சாப்பிடறது தசையா மாறணும்னா தசைக்கு வேலை குடுக்கணும். மலை ஏறி எறங்குறது போதாதான்னா போதாது, அது காலுக்கு தாக்குப்பிடிக்கிற பலம் தரும், பெருசாக்காது, தோளுக்கும் நெஞ்சுக்கும் ஒன்னுமே பண்ணாது.

வாரத்துல மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முக்கால் மணி நேரம் போதும். ஜிம் இருந்தா நல்லது, இல்லன்னா பழைய ஸ்கூல் பை ஒன்ன எடுத்து அதுக்குள்ள அரிசிய பாக்கெட்டா கட்டி போடுங்க, முதல்ல அஞ்சு கிலோ. பைய நெஞ்சோட அணைச்சு உக்காந்து எந்திரிக்கிறது, தண்டால், தரையில இருந்து பைய இடுப்ப மடக்கி தூக்குறது, குனிஞ்சு நின்னு பைய வயித்துப் பக்கம் இழுக்குறது, தலைக்கு மேல தூக்குறது. ஒவ்வொன்னும் 8ல இருந்து 12 தடவ, மூணு சுத்து, சுத்துக்கு நடுவுல ரெண்டு நிமிஷம். கடைசி ரெண்டு தடவ கஷ்டமா இருக்கணும், இல்லன்னா எடை பத்தல. 12 தடவ லேசா வந்துருச்சுன்னா பைல இன்னும் ஒரு கிலோ. இப்படி எடைய கூட்டிட்டே போறதுதான் முக்கியம், ஆறு மாசமும் அதே அஞ்சு கிலோவ தூக்குனா உடம்பு அதே இடத்துல நிக்கும். முதுக வளைச்சு தூக்காதீங்க, முதல் வாரம் தெரிஞ்ச யாரையாவது நின்னு பாக்க சொல்லுங்க.

காலையில குளிர்ல எந்திரிச்ச உடனே தூக்க போகாதீங்க, உடம்பு விறைச்சு இருக்கும், பத்து நிமிஷம் கை கால ஆட்டி நடந்து சூடாக்கிட்டு ஆரம்பிங்க, சாயங்காலம் முடிஞ்சா இன்னும் நல்லது. போலீஸ் செலக்‌ஷனுக்கு தினமும் ஓடுற தம்பிகளுக்கு, ஓட்டத்த விட வேண்டாம், ஆனா ஓடுற நாள்ல, மேல சொன்ன பால் இன்னொரு டம்ளர் சேத்துக்கங்க, இல்லன்னா சாப்பிட்டது பூரா ரோட்டுலயே போயிரும்.

தூக்கம் ஏழு எட்டு மணி நேரம். போன கையில வச்சுட்டு ஒரு மணி வரைக்கும் கெடந்துட்டு ஆறு மணிக்கு எந்திரிச்சா தசை வளராது, காலையில பசியும் எடுக்காது.

8. பவுடரும் மாத்திரையும்

டப்பாவுல வர்ற எடை கூட்டுற பவுடர்கள்ல பெரும்பாலானதுல முதல் பொருளா இருக்கறது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சக்கரையோட சொந்தக்காரன், லேபிள திருப்பி பாருங்க தெரியும். அந்தக் காசுக்கு ஒரு மாசத்துக்கான முட்டையும் கடலையும் வாங்கிறலாம். வே புரோட்டீன் அப்படி இல்ல, அது பால்ல இருந்து எடுக்கறதுதான், சாப்பாட்டுல புரோட்டீன் எட்டவே இல்லன்னா எடுக்கலாம், கட்டாயம் இல்ல.

மாத்திரைக்கு மட்டும் நான் கெஞ்சியே கேக்குறேன், வேண்டாம். "பசி மாத்திரை, ஒரு மாசத்துல கன்னம் வச்சுரும்"னு சீட்டு இல்லாம கை மாத்தி குடுக்கற மாத்திரைல பல சமயம் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். கன்னம் உப்புறது உண்மைதான், அது நீரும் மூஞ்சில சேர்ற கொழுப்பும்தான், தசை இல்ல. உள்ள எலும்பு கரையும், சுகர் ஏறும், தொத்து வியாதிய தாங்குற சக்தி போயிரும், ரொம்ப நாள் எடுத்துட்டு திடீர்னு நிறுத்துனா மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கனவே பல வாரமா எடுத்துட்டு இருந்தீங்கன்னா நீங்களா நிறுத்தாதீங்க, மாத்திரை அட்டையோட டாக்டர்கிட்ட போங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துவாங்க. சைப்ரோஹெப்டடின்னு இன்னொன்னு, அது அலர்ஜி மருந்து, பசி எடுக்கும், கூடவே தூக்கம் தூக்கமா வரும், கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டுறவன் அத போட்டுட்டு ஓட்டுறத நெனச்சாலே எனக்கு பயமா இருக்கு.

9. எடை பாக்குறதும் அடுத்து செய்றதும்

மெடிக்கல் கடை மிஷின்ல ஜெர்கின், ஸ்வெட்டர், ஷூவோட ஏறி நின்னா ஒரு கிலோ ரெண்டு கிலோ பொய்யா காட்டும், அடுத்த தடவ வெயில் நாள்ல போய் பாத்துட்டு எடை குறைஞ்சுருச்சேன்னு மனசு விட்டுருவீங்க. ஒரே மிஷின், காலையில எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு, காப்பிக்கு முன்னாடி, லேசான துணியோட. வாரத்துல மூணு நாள் பாத்து சராசரி எடுங்க, ஒரு நாள் எடைய நம்பாதீங்க, முந்தின நாள் உப்பு கூட சாப்பிட்டாலே ஒரு கிலோ மாறும். கூடவே இடுப்பையும் மேல் கையையும் டேப்ல அளந்து எழுதுங்க. கை ஏறுது, இடுப்பு கொஞ்சமா ஏறுதுன்னா சரியா போகுது. இடுப்பு மட்டும் ஏறுதுன்னா சாப்பாட்ட 150, 200 கலோரி குறைச்சுட்டு பைல எடைய கூட்டுங்க.

ரெண்டு வாரம் ஒழுங்கா செஞ்சும் சராசரி அசையலன்னா இன்னும் 200 கலோரி சேருங்க, ஒரு கைப்பிடி கடலையும் ஒரு வாழப்பழமும் அதுக்கு போதும். திரும்பவும் அசையலன்னா நோட்ட எடுத்து மூணு நாள் எழுதுங்க, பெரும்பாலும் ஏதோ ஒரு வேளை சத்தமில்லாம காணாம போயிருக்கும். நம்ம ஊர்ல அது ஏப்ரல் மே சீசன்லதான் நடக்கும், டாக்சி, காட்டேஜ், ஹோட்டல், கடைன்னு எல்லாருக்கும் வேலை, மத்தியானச் சாப்பாடு அஞ்சு மணிக்கு, ராத்திரி சாப்பாடு இல்லவே இல்ல, ஆறு மாசம் ஏத்துனத ஆறு வாரத்துல இறக்கிருவாங்க. சீசன் வர்றதுக்கு முன்னாடியே கடலை மிட்டாய், எள்ளுருண்டை, அவிச்ச முட்டை, பால் பாட்டில்னு பைல போட்டு வச்சுக்கங்க, முழுச் சாப்பாடு கிடைக்காத நாள்ல இதையே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வாயில போடுங்க.

சித்தி பையன் இப்ப 55ல இருக்கான், பிஎம்ஐ 20 தாண்டிருச்சு, அதுக்கு மேல ஏத்த வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். நீங்களும் நெனச்ச எடைக்கு வந்தப்புறம் கூட்டுனத மொத்தமா நிறுத்தாதீங்க, அந்த 300, 500ல ஒரு பாதிய மட்டும் குறைச்சு, ஒரு மாசம் எடைய பாத்து, நிக்குதான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் தேவைக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. காலைச் சாப்பாடும் வாரத்துல ரெண்டு நாள் எடை தூக்குறதும் மட்டும் அப்படியே இருக்கட்டும்.